காலையில் கடல், சாயங்காலம் காயல்: லாங் பீச் ஐலண்டில் கோடையைக் கழிக்க ஒரு முழு வழிகாட்டி

மே மாதம் பிறந்தால் போதும், நியூ ஜெர்சியின் எடிசன் பக்கத்து நண்பர்களில் நாலைந்து பேராவது கேட்டுவிடுவார்கள்: "எல்.பி.ஐ. (லாங் பீச் ஐலண்ட்) போறோம், எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துப்போய், இந்த முறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் அந்த ஊர்க்காரன் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு கோடையிலும் போய், பலமுறை தப்புத்தப்பாகத் திட்டம் போட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான்.

முதலில் தீவின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

நியூ ஜெர்சியின் ஓஷன் கவுண்டியில் இருக்கும் லாங் பீச் ஐலண்ட் சுமார் 18 மைல் நீளம். அகலம் பல இடங்களில் அரை மைல்கூட இல்லை, ஒரு பக்கக் கடலிலிருந்து மறுபக்கத் தண்ணீருக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். கிழக்கே அட்லாண்டிக். மேற்கே, தீவுக்கும் நிலப்பகுதிக்கும் நடுவில், பார்னகட் பே என்கிற ஆழமில்லாத காயல். பழவேற்காடு போனவர்களுக்குச் சட்டென்று புரியும். அங்கே காயலுக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா நீண்டு கிடக்கிறதல்லவா, அதே மாதிரி மணல் தடுப்புத் தீவுதான் இதுவும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். கடல் பக்கம் அப்படிப்பட்ட உணவகம் கிட்டத்தட்ட கிடையாது. தண்ணீர் ஓரத்தில் மேசை போட்டிருக்கும் இடங்கள் எல்லாம் காயல் பக்கம்தான். கடல் பக்கம் மணல் மேடு, அதற்குப் பின்னால் வீடுகள்.

அந்த மணல் மேட்டைப் பற்றி ஒரு கிளைக்கதை. 2012 அக்டோபரில் சாண்டி புயல் இந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. அதற்கு முன்பே ஹார்வி சீடர்ஸ் ஊரில் அரசாங்கம் உயரமான மணல் மேடு எழுப்பியபோது, ஒரு தம்பதி "எங்கள் வீட்டிலிருந்து கடல் தெரிவதே போய்விட்டது" என்று நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் 3,75,000 டாலர் கிடைத்தது. மாநில உச்ச நீதிமன்றம் 2013-ல் அதை ரத்து செய்து, மேடு அந்த வீட்டுக்குக் கொடுக்கும் பாதுகாப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. கடைசியில் ஒரே ஒரு டாலருக்குச் சமரசம். அதனால், பிள்ளைகள் அந்த மேட்டின் மேல் ஏறிச் சறுக்க ஆரம்பித்தால் உடனே இறக்கிவிடுங்கள். புல் நட்டு, வேலி போட்டு அதைக் காப்பாற்றுகிறார்கள், மிதித்தால் அபராதம் உண்டு.

எந்த ஊர் உங்களுக்குச் சரி

கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலையில் 63-ஆம் எக்ஸிட், அங்கிருந்து ரூட் 72-ல் கிழக்கே சில மைல், அப்புறம் பாலம். தீவுக்குள் போக இந்த ஒரே வழிதான். பாலம் இறங்கும் இடம் ஷிப் பாட்டம். இடது கைப்பக்கம் வடக்கே திரும்பினால் சர்ஃப் சிட்டி, ஹார்வி சீடர்ஸ், லவ்லேடீஸ், கடைசியில் பார்னகட் லைட். வலது கைப்பக்கம் தெற்கே பிராண்ட் பீச், பீச் ஹேவன், கடைசியில் ஹோல்கேட்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற குடும்பம் என்றால் யோசிக்காமல் பீச் ஹேவன். ராட்டினம், வாட்டர் பார்க், ஐஸ்க்ரீம், நடந்து போகும் தூரத்தில் கடைகள் எல்லாம் அங்கேதான். கூட்டமும் அங்கேதான். அமைதி வேண்டும், புத்தகத்தோடு உட்கார வேண்டும், மீன்பிடி படகுகளைப் பார்க்க வேண்டும் என்றால் பார்னகட் லைட். நடுவில் இருக்கும் சர்ஃப் சிட்டி எனக்குப் பிடித்த சமரசம். லவ்லேடீஸ் பக்கம் பெரிய பெரிய மாளிகைகள், நமக்கு அங்கே வேலை இல்லை. அட்லாண்டிக் சிட்டி மாதிரி நீளமான மர நடைபாதை எங்கே என்று தேடாதீர்கள், இந்தத் தீவில் அது இல்லை.

வீடு எடுப்பது

வாடகை வீடுகள் பெரும்பாலும் சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை என்ற கணக்கில்தான் கிடைக்கும். ஜூலை, ஆகஸ்ட் வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரியிலேயே பேசி முடிக்க வேண்டும். மூன்று குடும்பமாகச் சேர்ந்து எடுத்தால்தான் கட்டுப்படியாகும். அதில் எந்தக் குடும்பத்துக்கு எந்த அறை என்பதை மட்டும் முன்பே பேசிவிடுங்கள், போன இடத்தில் மனஸ்தாபம் வேண்டாம்.

பணம் மிச்சம் பிடிக்க ஒரு விஷயம் உண்டு. ஏர்பிஎன்பி மாதிரித் தளங்கள் வழியாக எடுத்தால் மாநில வரி 6.625 சதவீதமும் தங்குமிடக் கட்டணம் 5 சதவீதமும் சேர்ந்து 11.625 சதவீதம் ஏறும். உரிமையாளரிடம் நேரடியாகவோ உள்ளூர் ரியல் எஸ்டேட் முகவர் மூலமாகவோ எடுத்தால் அந்த வரி இல்லை. 2018-ல் உரிமையாளரிடம் நேரடியாக எடுப்பவர்களுக்கும் சேர்த்துப் போட்ட வரியை 2019-ல் இப்படித் தளர்த்தினார்கள். ஒரு வார வாடகையில் இது சின்னத் தொகை இல்லை.

படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் பெரும்பாலும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். முதல் வருடம் எங்களுக்கு இது தெரியாது. இரவு பத்து மணிக்கு வெறும் மெத்தையில் பெட்ஷீட்டுக்குப் பதில் என் மனைவியின் இரண்டு காட்டன் புடவையை விரித்துப் படுத்தோம்.

எப்போது கிளம்புவது

சனிக்கிழமை பகலில் மட்டும் போகாதீர்கள். காலையில் ஒரு கூட்டம் வீட்டைக் காலி செய்து வெளியே வருகிறது, மதியம் இன்னொரு கூட்டம் உள்ளே போகிறது, ரெண்டுக்கும் ஒரே பாலம். ஒருமுறை பதினொரு மணிக்கு ரூட் 72-ல் மாட்டிக்கொண்டு, பின் சீட்டில் பிள்ளைகள் புளியோதரை டப்பாவைத் திறந்து பாதி காலி பண்ணிய பிறகுதான் பாலமே கண்ணில் பட்டது. வார வாடகைக்குப் போகிறவர்களுக்கு வேறு வழியில்லை, விடிகாலையில் கிளம்பி பாலத்துக்கு முன்னால் வரும் மனஹாக்கின் ஊரில் ஷாப்ரைட் கடையில் பால், தயிர், காய்கறி வாங்கிக்கொண்டு பாலம் தாண்டிவிடுங்கள். வீட்டுச் சாவி மதியம் கிடைக்கும்வரை கடற்கரையில் இருக்கலாம். ஒருநாள் பயணம் என்றால் செவ்வாய், புதன். காலை ஆறரைக்கு எடிசனில் வண்டி எடுத்தால் எட்டுக்கெல்லாம் மணலில் கால் வைக்கலாம்.

பேட்ஜ் விவகாரம்

ஜூன் மாத நடுவிலிருந்து செப்டம்பர் முதல் வாரத்து லேபர் டே வரை கடற்கரைக்குள் போக பேட்ஜ், அதாவது காசு கொடுத்து வாங்கும் அனுமதி வில்லை, வேண்டும். 12 வயது ஆனவர்களுக்கு எல்லாம் கட்டாயம், அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டாம். தீவில் ஆறு நிர்வாகங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தன் பேட்ஜைத் தானே விற்கிறது, ஒரு ஊர் பேட்ஜ் அடுத்த ஊரில் செல்லாது. இதில் லாங் பீச் டவுன்ஷிப் மட்டும் வித்தியாசமானது, அது ஒரே துண்டாக இல்லாமல் தீவு முழுக்க அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. ஹோல்கேட், பிராண்ட் பீச், லவ்லேடீஸ் எல்லாம் அதில்தான் சேர்த்தி. பல இடங்களைச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கு அந்த பேட்ஜ்தான் லாபம். சீசன் தொடங்கும் முன்பே வாங்கினால் விலை குறைவு. வார வாடகை வீடுகளில் சில உரிமையாளர்கள் நாலைந்து பேட்ஜ் வைத்திருப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

காலை: கடல்

மெரினா மாதிரியே இங்கேயும் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும். அதனால் காலைப் பொழுது கடலுக்கு. ஒன்பது, ஒன்பதரைக்குள் இடம் பிடித்துவிட்டு மதியம் ஒன்றரை, இரண்டுக்குள் வீடு திரும்புவது எங்கள் வழக்கம். நடு மத்தியானத்தில் மணல் கொதிக்கும், செருப்பு இல்லாமல் ஓடிய என் மச்சான் பட்ட பாடு இன்னும் குடும்பக் கதையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

தண்ணீரைப் பற்றி இரண்டு விஷயம். ஒன்று, குளிர். ஜூலையில் வெளியே 90 டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்கும், தண்ணீரில் கால் வைத்தால் ஐஸ் மாதிரி இருக்கும், முந்தாநாள் வரை நன்றாகத்தானே இருந்தது என்று குழம்புவீர்கள். தென்மேற்குக் காற்று தொடர்ந்து இரண்டு மூன்று நாள் அடித்தால் இப்படி ஆகும். காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்மட்ட வெந்நீரைக் கரையைவிட்டு வெளியே தள்ளிவிட, அடியில் கிடக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்துவிடுகிறது. காற்று திசை மாறினால் சரியாகிவிடும். இதே போலத்தான் கடி ஈயும். மேற்கிலிருந்து, அதாவது நிலப்பக்கத்திலிருந்து, காற்று அடித்தால் சதுப்பு நிலத்துப் பச்சைத் தலை ஈக்கள் கடற்கரைக்கு வந்து காலைப் பிடுங்கும், கொசு கடித்த மாதிரி இல்லை, ரத்தமே வரும். அந்த மாதிரி நாளில் பிடிவாதம் பிடிக்காமல் கலங்கரை விளக்கத்துக்குப் போய்விடுங்கள். ஆக, காலையில் எழுந்ததும் நான் வெயிலைப் பார்ப்பதில்லை, காற்றின் திசையைத்தான் பார்ப்பேன்.

இரண்டாவது, கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். லைஃப்கார்ட் இருக்கிற இடத்தில், அவர் இருக்கிற நேரத்தில் மட்டும் இறங்குங்கள். இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். நீச்சல் தெரியாத பெரியவர்களும் கைக்குழந்தைகளும் காயல் பக்கக் குளிக்கும் இடத்துக்குப் போகலாம், சர்ஃப் சிட்டியில் 16-ஆம் தெருப் பக்கமும் பீச் ஹேவனில் டெய்லர் அவென்யூ முடிவிலும் அலையில்லாத தண்ணீர் இருக்கிறது. ஜெல்லி மீன் மட்டும் கோடை நடுவில் எட்டிப் பார்க்கும்.

சுறா உண்டா என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1916 ஜூலை 1 அன்று இதே பீச் ஹேவனில் குளித்துக்கொண்டிருந்த ஒருவரைச் சுறா கடித்து அவர் இறந்துபோனார், அமெரிக்காவில் சுறா பயம் பெரிதாகக் கிளம்பியதே அந்த வருடம்தான். இதைப் பிள்ளைகளிடம் ஊர் திரும்பிய பிறகு சொல்லுங்கள்.

கடற்கரையில் மது கூடாது, சிகரெட் 2019 முதல் மாநிலம் முழுக்கத் தடை. கூடாரம், நாய், அடுப்பு இதெல்லாம் ஊருக்கு ஊர் விதி மாறும், நுழையும் இடத்துப் பலகையைப் படித்துவிடுங்கள். தயிர்சாதம், மாங்காய் ஊறுகாய்க்கு எந்தத் தடையும் இல்லை. கடல் புறாவுக்கு மட்டும் ஒரு பருக்கைகூடப் போடாதீர்கள். ஒன்று வந்தால் பின்னாலேயே முப்பது வரும். என் அத்தை கையிலிருந்த மெதுவடையை ஒன்று பறந்து வந்து கொத்திக்கொண்டு போனது, எங்கள் ஊர்க் காக்காய்கூட இவ்வளவு தைரியசாலி இல்லை என்றார்.

மதியம்: வடக்கு முனை

தூங்காதவர்கள் பார்னகட் லைட்டுக்குப் போகலாம். மேலே சிவப்பு, கீழே வெள்ளை நிறக் கலங்கரை விளக்கம், 1859-ல் ஏற்றப்பட்டது, 217 படி. பின்னாளில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில் தளபதியாக இருந்த ஜார்ஜ் மீட் பொறியாளராக இருந்தபோது வடிவமைத்தது. பூங்காவுக்குள் போக இலவசம், படி ஏறச் சின்னக் கட்டணம்.

அதைவிட நான் அதிகம் நிற்பது வைக்கிங் வில்லேஜ் படகுத்துறையில். இது சுற்றுலாவுக்காகச் செய்த பொம்மை இல்லை, நிஜமாகவே மீன் இறங்கும் துறை. ஸ்காலப் என்கிற ஒரு வகைச் சிப்பி, டைல்ஃபிஷ், மங்க்ஃபிஷ், சூரை எல்லாம் வருகிறது. இராமேஸ்வரத்திலும் காசிமேட்டிலும் நிற்கும்போது வரும் அதே டீசலும் மீனும் கலந்த வாசனை. பக்கத்திலேயே மீன் கடை இருக்கிறது. டைல்ஃபிஷ் கிடைத்தால் வாங்குங்கள், சதை கெட்டியானது, புளிக் குழம்பில் உடையாது.

ஸ்காலப் வாங்கும்போது "ட்ரை", அதாவது கரைசலில் ஊறாத, ஸ்காலப்பா என்று கேளுங்கள். பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்தது என்றால் பளீரென்று வெள்ளையாக, பால் மாதிரித் தண்ணீரில் கிடக்கும், கல்லில் போட்டால் தண்ணீர் விட்டு வெந்து போகுமே தவிரச் சிவக்காது. ஊறாதது லேசான தந்த நிறம், சிலது இளஞ்சிவப்பு. தோசைக்கல்லைப் புகையும் அளவு காயவைத்து, மிளகும் உப்பும் போட்டு, பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். அதற்கு மேல் வைத்தால் ரப்பர்.

சாயங்காலம்: காயல் ஓரத்துச் சாப்பாடு

சூரியன் கடலில் எழுகிறது, காயலில் இறங்குகிறது. ஆகவே இரவுச் சாப்பாட்டுக்குப் பார்க்க வேண்டிய கடிகாரம் சூரியன்தான். ஜூன் கடைசியில் எட்டரை மணி வாக்கில் அஸ்தமனம், ஆகஸ்ட் நடுவில் எட்டுக்குக் கொஞ்சம் முன்னால். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதே நேரத்துக்குத்தான் வருவார்கள், பல இடங்களில் முன்பதிவும் கிடையாது, ஐந்தரைக்கே போய்ப் பெயர் கொடுத்துவிட்டுப் படகுத்துறையில் காலாற நடந்துவிட்டு வருவதுதான் வழி. நாங்கள் ஒருமுறை பதினான்கு பேர் ஏழரைக்குப் போய் நின்றோம். இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். பிள்ளைகள் அழுது, கடைசியில் வீட்டில் வந்து ரவா உப்புமா. நாலு பேருக்கு மேல் இருந்தால் இரண்டாகப் பிரிந்து உட்காரச் சம்மதித்துவிடுங்கள்.

இடங்கள் என்றால், பீச் ஹேவனில் பார்க்கர்ஸ் கராஜ் காயல் ஓரத்திலேயே இருக்கிறது, கொஞ்சம் விலை, கல்யாண நாளுக்குப் போகலாம். பார்னகட் லைட்டில் க்யூபல்ஸ், 1927-லிருந்து நடக்கிற பழைய கடை, ஆடம்பரமில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் மனஹாக்கினில் சதுப்பு நில ஓரத்து மட் சிட்டி க்ராப் ஹவுஸ், பெயரே சொல்கிறது, நண்டு கேக் சாப்பிட. தண்ணீர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றால் பீச் ஹேவனில் சிக்கன் ஆர் தி எக், உள்ளூரில் செக் என்பார்கள். கோழி இறக்கை வறுவலுக்கு விதவிதமான காரச் சாஸ் உண்டு, இந்தத் தீவில் நம் நாக்குக்கு உறைக்கிற ஒரே சங்கதி அதுதான். சில கடைகள் சீசனில் மட்டும்தான் திறந்திருக்கும், போகும் முன் ஒரு போன் போடுங்கள்.

என்ன கேட்பது? மட்டியில் அளவைப் பொறுத்துப் பெயர் மாறும். சின்னது லிட்டில்நெக், அடுத்தது செர்ரிஸ்டோன், பெரிய கெட்டியானது சூப்புக்குப் போகிற சௌடர் மட்டி. வேகவைத்த லிட்டில்நெக் ஒரு கிண்ணம் பூண்டு வெண்ணெய்க் குழம்போடு வரும், அந்தக் குழம்பைத் தொட்டு ரொட்டியை முடித்துவிட்டுத்தான் அடுத்த பதார்த்தத்துக்குப் போக வேண்டும். கோடையில் ஃப்ளூக் மீன் நல்லது, நம்மூர் நாக்கு மீனுக்குப் பெரியண்ணன் மாதிரித் தட்டையானது. பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் வெள்ளை மட்டி சூப்பில் பேக்கன் இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும். சைவக்காரர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: சாலட், சீஸ் பீட்சா, உருளை வறுவல், அதிலும் வறுவல் மீன் பொரித்த எண்ணெயிலேயே வரலாம். அவர்களுக்கு வீட்டில் வயிறு நிறையப் போட்டுவிட்டு, சூரிய அஸ்தமனத்துக்கும் ஐஸ்க்ரீமுக்கும் கூட்டிப் போவது புண்ணியம்.

மதுவைப் பொறுத்தவரை இந்த மாநிலத்தில் உரிமம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் பல கடைகளில் நம் பாட்டிலை நாமே எடுத்துப் போகலாம், பில்லில் நன்றாகவே குறையும். இவ்வளவு செலவு வேண்டாம் என்று நினைத்தால், பொட்டலம் வாங்கிக்கொண்டு ஹார்வி சீடர்ஸ் சன்செட் பார்க்கில் உட்காருங்கள். அங்கே தெரிகிற அஸ்தமனமும் 50 டாலர் தட்டுக்கு முன்னால் தெரிகிறதும் ஒன்றுதான்.

நண்டு பிடிக்க

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வருடம் முழுக்கக் காத்திருப்பது இதற்குத்தான். ஒரு கோழிக் கழுத்து, ஒரு கயிறு, நீளக் கைப்பிடி வலை, போதும். கைக்கயிறுக்கோ கையால் இழுக்கும் மடக்குக் கூண்டுக்கோ உரிமம் தேவையில்லை. மட்டி தோண்ட உரிமம் வேண்டும், குழப்பிக்கொள்ளாதீர்கள். காயல் பக்கப் பொதுப் படகுத்துறையில் கயிறை இறக்கிவிட்டுக் காத்திருங்கள். கயிறு பக்கவாட்டில் நகர்ந்தால் மெல்ல, மிக மெல்ல இழுக்க வேண்டும், நண்டு மேலே தெரிந்ததும் அடியில் வலையைக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கோழிக் கழுத்தை விட்டுவிட்டு ஓடிவிடும்.

ஓட்டின் முனைக்கு முனை நாலரை அங்குலம் இல்லாததைத் திரும்ப விட்டுவிட வேண்டும், முட்டையோடு இருக்கும் பெண் நண்டையும் விட்டுவிட வேண்டும். பெண் எது என்று பார்ப்பது சுலபம், கொடுக்கு நுனியில் மருதாணி வைத்த மாதிரிச் சிவப்பு இருக்கும். நாங்கள் அளவு சரியாக இருந்தாலும் பெண்ணை விட்டுவிடுவோம்.

திரும்பும்போது

ஞாயிறு மாலை ஐந்துக்கு எல்லோரும் கிளம்புவார்கள். நீங்கள் காயல் ஓரத்தில் அஸ்தமனம் பார்த்து, ஐஸ்க்ரீம் சாப்பிட்டு, ஒன்பதுக்கு மேல் பாலம் ஏறுங்கள். கைப்பிடிச் சுவர் ஓரமாகச் சரம் கோத்த மாதிரி விளக்குகள் இருட்டில் தண்ணீர் மேல் நீளும். வேலையில் விடுப்புக் கிடைத்தால் இன்னொரு முறை செப்டம்பரில் வாருங்கள். லேபர் டே முடிந்தால் பேட்ஜ் கிடையாது, கூட்டம் கிடையாது, தண்ணீர் ஜூன் மாதத்தைவிட வெதுவெதுப்பாக இருக்கும். லைஃப்கார்டும் பெரும்பாலும் இருக்க மாட்டார், அதை மறக்க வேண்டாம்.

பிடித்த நண்டை எடுத்துவரும்போது ஐஸ் தண்ணீரில் மூழ்க விடாதீர்கள், மூச்சுத் திணறிச் செத்துவிடும். கூலரின் அடியில் ஐஸ், அதன்மேல் ஈரத்துணி, அதன்மேல் நண்டு, மேலே இன்னொரு ஈரத்துணி, மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் செத்துக் கிடப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மீதியை அன்றிரவே சுத்தம் செய்துவிடுங்கள். மறுநாள் மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்ட நண்டு ரசம், அதற்கு என் வீட்டில் கரண்டிச் சண்டையே நடக்கும்.